வண்டி மூங்கிலுக்கு எவ்வளவு தண்ணீர்

மூங்கில் வளர்ப்பதைப் பற்றி யாராவது கேட்டால் முன்பெல்லாம் நான் ஒரு பாடமே நடத்திவிடுவேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய், சும்மா கிடக்காது. உடுப்பிட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ரீச்சர், உதென்ன மூங்கில், வயிறு ஊதிக் கிடக்குது?" என்று கேட்டவர்கள் அரைமணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்றுதான் போயிருக்கிறார்கள். இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அது ஒரு அலங்கார மூங்கில் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அது என் கைக்கு வந்தது நான் ஓய்வு பெற்ற வருடத்தில். மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனவள், பக்கத்தில் பூங்கன்று விற்கும் ஒருவரிடம் அதைக் கண்டு நின்றுவிட்டேன். முழங்கால் உயரம்கூட இல்லை. ஒவ்வொரு கணுவுக்கும் மேலே தண்டு குண்டாக ஊதி, அடுத்த கணுவில் ஒடுங்கி, திரும்பவும் ஊதி நின்றது. அத்தனை சனத்துக்கு நடுவில் குனிந்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். விற்றவர் சிரித்தார்.

"வண்டி மூங்கில் அம்மா. சாப்பாடு குடுத்தால் எங்களுக்கு வண்டி வைக்கும். உதுக்குச் சாப்பாடு குடுத்தால் வண்டி வத்திப் போடும்."

எங்கள் பக்கத்தில் தொந்தியைத்தான் வண்டி என்போம். சாடியில் செருகியிருந்த மட்டையில் புத்தர் வயிற்று மூங்கில் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் சில ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதனால் தான் வைத்த பெயர் இது என்றார்.

வளர்க்கும் விதத்தையும் அவரே சொல்லித்தந்தார். இதை நிலத்தில் நட்டுத் தண்ணீர் விட்டால் மற்ற மூங்கில்களைப் போலவே நேராக நெடுத்துப் போகும், வயிறு வராது. சாடியில் வைத்து, வேர் ஓட இடமில்லாமல் நெருக்கி, தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால்தான் கணுவிடைகள் நீளாமல் ஊதும். "தாகத்திலைதான் அம்மா உதுக்கு வடிவு" என்றார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் சாடியை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நானும் இவரும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவர் கரவெட்டியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆனால் மனிதர் உண்மையில் வெங்காயத் தோட்டக்காரர்தான். வேலைக்குப் போன காலத்திலும் விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் போவார். பம்பியால் இறைபடும் தண்ணீர் வாய்க்காலில் வரும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து அந்த வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட வேண்டும். எந்தப் பாத்தியிலும் தண்ணீர் கூடவும் கூடாது, எந்தப் பாத்தியும் காயவும் கூடாது. தண்ணீர் மாறுவதில் இவருக்கு ஊரில் நல்ல பெயர்.

மூங்கிலைக் கண்டதும் இவர் முதலில் செய்தது, சாடி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்ததுதான்.

"இஞ்சரும், உது காஞ்சு போய்க் கிடக்குது. சாடியை உடைச்சுக் கிணத்தடியிலை வையும்."

"உடைச்சால் வண்டி வராது."

"வராட்டி என்ன? தனக்கு வண்டி வேணுமெண்டு உது கேட்டதோ?"

நான் கேட்கவில்லை. ஆட்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறவளாக இருந்திருந்தால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை அடக்கியிருக்க மாட்டேன்.

மூங்கிலோடு இரண்டு மூன்று வருடம் மல்லுக்கட்டித்தான் பழகினேன். முதலில் பிளாஸ்டிக் சாடியில் வைத்தேன். கிழங்கு ஊதி அதை ஒரு பக்கமாக வெடிக்க வைத்தது. பிறகு சீமெந்துச் சாடிதான். எங்கள் செம்மண்ணைத் தனியே போட்டால் கோடையில் கட்டிபட்டுவிடும், அதனால் மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்தேன். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே விட்டுவந்தால் இலையின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும். கூரையில் விழும் மாரித் தண்ணீரைப் பரல் பீப்பாயில் பிடித்து வைத்து அதையே பாவித்தேன். ஐப்பசி மழையோடு குருத்து வரும். இது ஓடுகிற சாதி அல்ல, குத்தாக நிற்கிற சாதி. ஓடுகிற மூங்கிலை நட்டால் வேலிக்குக் கீழால் போய்ப் பக்கத்து வளவில் முளைக்கும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்று நடந்தால் நட்டவர் மட்டுமல்ல, அவருடைய மருமக்களும் வழக்குப் பேசக் கோட்டுப் படி ஏறவேண்டி வரும். என்னுடையது அடக்கமானது. கிழங்கோடு கிழங்கு ஒட்டிக்கொண்டு விளிம்பில் மட்டும் குருத்து விடும். அந்தக் குருத்தைச் சுற்றியிருக்கும் மடல்களை முற்றுவதற்கு முன்பே சவர அலகால் மெல்லக் கீறி, கீழிருந்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். உரித்த கணுவிடை அதற்கு மேல் நீளாது.

எல்லாவற்றிலும் பெரிய வித்தை தண்ணீர்தான். கோடையில் இலைகள் உள்நோக்கிச் சுருண்டு ஊசியாகும் வரை ஒரு சொட்டும் விடக்கூடாது. சுருண்டபின் தகரக் குவளையில் பாதி, அரைப் பேணி, அவ்வளவுதான். இலை மெல்ல விரியும். பிறகு திரும்பவும் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் பட்டுப்போகும், முந்தினால் தண்டு நீண்டுவிடும். அந்த ஒரு நாளைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை குத்தை வெளியே எடுத்து, ஒரு பங்குக்கு மூன்று தண்டாவது இருக்கும்படி கிழங்கோடு மரம் அரியும் வாளால் அறுத்துப் பிரித்தேன். இப்படி ஒரு சாடி பத்துச் சாடியானது.

எங்கள் சபையில் அறுவடைத் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வளவில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிய வெளியில் மரத்துக்குக் கீழே ஏலம் நடக்கும். பூசணிக்காய், வாழைக்குலை, கால் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் என் வண்டி மூங்கில் ஒன்று நிற்கும். அதைக் கேட்டு ஆட்கள் போட்டி போடுவார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது. போதகர்கூட ஒருமுறை பொறுமைக்கு அதை உதாரணம் காட்டிப் பேசினார். இவர் மட்டும் ஏலம் முடியும் வரை அந்தப் பக்கம் வரவில்லை.

கோடையில் இலை சுருண்டு நிற்கும்போது இவர் அந்த வழியால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். "பாக்கேலாமல் கிடக்கு" என்பார். நான் விடமாட்டேன். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எண்டு தெரியாதோ உங்களுக்கு?"

"அளவுக்குக் குறைஞ்சால் அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இவருக்குச் சலரோகம், அதுதான் சீனி வியாதி, இருபது வருடமாக இருந்தது. குளிசையோடு சமாளித்துக்கொண்டிருந்தார். அது சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது என்பது கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகு கிழமையில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மெஷினில் போடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதை அதில் கண்டுபிடிப்பார்கள். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று வைத்தியர் சொன்னார். அதற்குள் தேநீரும் அடங்க வேண்டும், கஞ்சியும் அடங்க வேண்டும், சோற்றுக்கு விடும் சொதியும் அடங்க வேண்டும். வாழைப்பழம், தோடம்பழம், இளநீர் மூன்றும் அறவே கூடாது. அவற்றில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தங்கி இருதயத்தை நிறுத்திவிடும். வைத்தியர் அதைச் சுருக்கமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இவருக்குப் படம் கீறியே விளங்கப்படுத்தினேன்.

ஒரு போத்தலில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டு, காலையில் நிரப்பி வைத்து அதிலிருந்தே எல்லாம் கொடுத்தேன். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. இலை சுருளும் வரை பார்த்துக்கொண்டிருந்து, அரைப் பேணியோடு நிறுத்திப் பழகிய கை. ஒரே வீட்டில் இரண்டு உயிர்களுக்கு நான் தண்ணீர் அளந்துகொண்டிருந்தேன். அதில் ஒன்று அலங்காரத்துக்காக, மற்றது உயிர் காக்க. வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது இவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெடுக ஒரே கேள்விதான். "இஞ்சரும், ஒரு மிடறு."

"முடிஞ்சுது. இனி ஆறு மணிக்குத்தான்."

"மிடறுதானே."

"மிடறு மிடறாத்தான் நெஞ்சுக்குள்ளை தண்ணி கட்டுறது."

வாயைக் கொப்பளித்துத் துப்புவதற்கு மட்டும் கொடுப்பேன். துப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிய மனிதர், அறுபத்தெட்டு வயதில், மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, கழுவுதொட்டியில் குனிந்து துப்பினார். இப்போது நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது, கடமையைச் சரியாகச் செய்கிறேன் என்ற நிம்மதிதான் இருந்தது.

இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கி இரண்டாவது வருடக் கோடையில் மூங்கிலில் ஏதோ பிழை தெரிந்தது. மழையில்லாத நாளில் குருத்து விடத் தொடங்கியது. வந்த குருத்துகள் நேராக, வழுவழுவென்று, கணுவுக்குக் கணு ஒரு சாண் நீளத்தில் போயின. ஒன்றில்கூட வண்டி இல்லை. கொல்லைப் பக்கத்தில் நின்ற மூன்று சாடியில்தான் இப்படி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் பக்கத்து வீட்டு மருமகளைச் சந்தேகப்பட்டேன். இரக்கப்பட்டு வேலிக்கு மேலால் தண்ணீர் ஊற்றுகிறாளோ என்று அவளிடம் கேட்டும்விட்டேன். அந்தப் பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்தது.

அதே நாட்களில் ஆஸ்பத்திரித் தராசிலும் இவருடைய நிறை கூடிக்கொண்டு வந்தது. "ஐயா கள்ளமாத் தண்ணி குடிக்கிறார் போல" என்றாள் தாதி. என்னுடைய போத்தலுக்கு மேல் ஒரு சொட்டும் போகவில்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறை.

ஒரு பின்னேரம் நான் பேப்பரோடு படுத்திருந்தவள், செருப்புச் சத்தம் கேட்டு எழும்பிப் பின்பக்கம் போனேன். இவர் பைப்படியில் நின்றார். கையில் தகரப் பேணி. பேணியில் பாதியை மூங்கில் சாடிக்குள் மெதுவாக, மண் அரிபடாமல், விளிம்பைச் சுற்றி ஊற்றினார். மற்றப் பாதியை அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மனமில்லை. சாகப்போகிறீர்கள் என்றேன், என்னைத் தனியே விட்டுப் போகத்தானே இந்த வேலை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மூங்கிலையும் நாசமாக்கிவிட்டீர்கள் என்றும் சொன்னேன்.

இவர் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "தனியக் குடிக்க மனம் வரேல்லை. அதுக்கும் விடாய்தானே" என்றார்.

அன்றைக்கே பைப்பின் திருகியைக் கழற்றி என் பேர்ஸுக்குள் வைத்தேன். கிணற்று வாளியை எடுத்து அறைக்குள் வைத்தேன். கடைக்கோ ஆராதனைக்கோ போகும்போது குசினியைப் பூட்டிவிட்டுப் போனேன். இவருடைய நிறை இரண்டே கிழமையில் இறங்கியது. தாதி என்னைப் பாராட்டினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். ரீச்சர் மனுசனுக்குத் தண்ணியைப் பூட்டி வைத்திருக்கிறாவாம், மூங்கிலைக் காயப்போடுகிற மாதிரி மனுசனையும் காயப்போடுகிறாவாம் என்று கதை போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சனம் பேச்சை நிறுத்தியது. ஒரு முதிய பெண்மணி என் கையைப் பிடித்து, "பச்சைத் தண்ணிதானே பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சிறுநீரக வருத்தத்தின் விபரத்தை ஆராதனை அறிவித்தலோடு சேர்த்து வாசிக்கவா முடியும்?

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குச் சபையின் மாதர் கூட்டத்தில் இருந்து நான்கு பேர் வீட்டுச் செபத்துக்கு வந்தார்கள். நல்ல சீலை உடுத்தி, ஒருவர் கையில் ஒரு குலை செவ்விளநீரோடு வந்தார்கள். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. இளநீர் கொண்டுவந்தால் அதை வந்தவர்கள் இருக்கும்போதே வெட்டி வருத்தக்காரருக்குக் கொடுப்பதுதான் முறை. எடுத்து உள்ளே வைத்தால் கொண்டுவந்தவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

பாடினார்கள். செபித்தார்கள். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "தாகத்தோடிருக்கும் உம்முடைய பிள்ளைக்கு இரங்கும் ஆண்டவரே, அவரைச் சுற்றியிருப்பவர்களின் மனங்களை இளக்கும்" என்றார். சுற்றியிருப்பவர்கள் என்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆமென் சொல்லி முடிய அவர் கண்ணைத் திறந்து, "ரீச்சர், கத்தியை ஒருக்கால் தாங்கோ" என்றார்.

ஒரு வாக்கியம் போதும். இவருடைய வருத்தத்துக்கு இளநீர் நஞ்சு, நீங்களே குடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் இதைவிடக் கடினமானவற்றை விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நாலு சோடிக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தால், பாருங்கோ இப்பவும் தடுக்கிறா என்றுதான் அவர்கள் நினைப்பார்கள் என்று தோன்றியது. ஒரு கிளாஸ்தானே, திங்கட்கிழமை எப்படியும் மெஷினில் போடுவார்கள்தானே என்று ஒரு கணக்குப் போட்டேன். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெட்டினார். நான் கிளாஸில் வார்த்து, என் கையாலேயே இவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

இவர் கிளாஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். மடமடவென்று குடித்தார். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்டு வெட்டட்டோ?" என்றார். நான் தலையாட்டினேன். இரண்டாவதையும் நானே வார்த்துக் கொடுத்தேன்.

போகும்போது, "பாத்தீங்களே ரீச்சர், ஐயான்ரை முகம் எப்பிடித் தெளிஞ்சு போச்சு" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை இவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. கால் இரண்டும் தன்னுடையவை அல்லாதவை போலக் கிடக்கின்றன என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி விட்டு விட்டு அடித்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் அந்தக் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் பூட்டி, ஊசி போட்டு, அவசரமாக மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். இளம் பெண் வைத்தியர் ஒருவர் கடதாசியோடு என்னிடம் வந்தார்.

"ஐயாவுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"நேற்று வந்த ஆக்கள் இளநீர் குடுத்திட்டினம்."

"வந்தவைக்குத் தெரியாது அம்மா. உங்களுக்குத் தெரியும்தானே?"

கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த இவருக்கு எங்கள் கதை கேட்டிருக்கும் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

தப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வார்ட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து இவருக்குத் தலை வாரிவிட்டேன். இவர் கோபமில்லாத குரலில் கேட்டார்.

"டொக்டரிட்டை ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"என்னத்தை?"

"வந்த ஆக்கள் குடுத்தவையெண்டு. அவையள் வெட்டினவை. கையிலை தந்தது நீரெல்லோ."

நான் சீப்பை வைத்துவிட்டேன்.

"நஞ்செண்டு எனக்குத் தெரியும். நீர்தானே படம் கீறிக் காட்டினனீர். நீர் தாறீரெண்டுதான் குடிச்சனான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "இவ்வளவு நாளும் ஒரு மிடறு தண்ணி கேட்டனான். எனக்காக ஒரு நாளும் தரேல்லை. பரவாயில்லை, அது என்ரை உயிருக்காகத்தானே எண்டு நினைச்சிருந்தனான். அவையள் கேட்ட உடனை தந்திட்டீர்."

உங்களைக் காப்பாற்றத்தான் பூட்டினேன் என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மைதான். ஆனால் நஞ்சை என் கையால் கொடுத்த பிறகு அந்த உண்மையை எந்த முகத்தோடு சொல்வது? அழுதேன். இவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் திருகியைப் பைப்பில் பூட்டினேன், வாளியைக் கிணற்றடியில் வைத்தேன். பூட்டைத் தூக்கி எறிந்தேன். ஒரு கிழமை கழித்து, கூலிக்கு ஒருவரைப் பிடித்துச் சாடிகள் எல்லாவற்றையும் உடைப்பித்தேன். வேர்கள் சாடியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பாய் முடைந்த மாதிரி இறுகிப்போயிருந்தன. இவர் கதிரையில் இருந்தபடி, சுற்றின வேரை வெட்டிவிடு, கிடங்கை ஆழம் குறைத்து அகலமாக வெட்டு, குத்துக்குக் குத்துப் பத்தடி விடு என்று அந்த ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தில் நாலு பட்டுப்போயின. மிச்சம் ஆறும் அடுத்த மாரிக்குள் கூரை உயரத்துக்கு நேராக வளர்ந்தன. இப்போது அவற்றைப் பார்ப்பவர்கள் சாதாரண மூங்கில் என்றுதான் நினைப்பார்கள்.

இதெல்லாம் செய்தால் இவர் மனம் மாறும் என்று நினைத்தேன் போல. இவர் என்னோடு கோபிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. பின்னேரங்களில் குழாயைப் பிடித்து மூங்கிலுக்குத் தண்ணீர் விட்டார், பேப்பரில் வந்த செய்திகளைச் சொன்னார், என் சமையலைக் குறை சொன்னார். நிறையும் கூடவில்லை. போத்தலைக் காலையில் தானே நிரப்பி, கோட்டைத் தானே பார்த்துக் குடித்தார். கிணறும் பைப்பும் திறந்தபடி கிடந்தன.

அதன்பிறகு ஏழு மாதம் இருந்தார். கடைசி மாதங்களில் நானே இடைக்கிடை ஒரு கரண்டி தண்ணீரோடு இவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கரண்டியால் ஒன்றும் ஆகாது என்று வைத்தியரிடம் கேட்டும் வைத்திருந்தேன். "இந்தாங்கோ, ஒரு மிடறு, குடியுங்கோ" என்பேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார். "யாரும் வந்திருக்கினமோ?" என்று கேட்பார்.

"ஒருத்தரும் வரேல்லை. நான்தான்."

"வேண்டாமப்பா. இண்டைக்கான அளவு முடிஞ்சுது" என்பார். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட இவர் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை.